ஊர் ஹால் கூரைத் திருப்பணி: உறுப்பினர்களுக்குச் செயலாளரின் நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஹால் கூரை வேலை பற்றிய ஆங்கில அறிக்கை இரண்டே பக்கம். ஹால் வாசல் பலகையில் ஒட்டியாகிவிட்டது. அதைப் படித்துவிட்டு "இதில் ஒன்றுமே சொல்லவில்லையே" என்று கேட்டது நம்மவர்கள்தான். 'ஹால் நண்பர்கள்' திட்டத்தில் ஆண்டுக்கு 10 பவுண்டு கட்டும் உறுப்பினர்களில் 23 பேர் தமிழர்கள். ரெடிங், ஸ்லவ், மில்டன் கீன்ஸ் என்று எங்கெங்கோ இருந்துகொண்டு, நான் கேட்ட ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தவர்கள். கூரைக்கும் தனியாகக் கொடுத்தீர்கள். கணக்குக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. "வவ்வாலுக்கா அண்ணா நாலாயிரம் பவுண்டு?" என்று ஒரு தம்பி செய்தி அனுப்பியிருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் வயல்களுக்கு நடுவே 430 பேர் இருக்கிற ஊர். ஒரு சர்ச், ஒரு பப், ஒரு கிரிக்கெட் மைதானம். கடை மூடிப் பல வருஷமாகிறது. மிச்சம் எல்லாவற்றுக்கும் ஹால்தான். முதல் உலகப் போர் முடிந்ததும் பல ஊர்களில் கல்லில் சிலுவை வைத்தார்கள். சில ஊர்களில், இறந்த பையன்கள் நினைவாக உயிரோடிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று ஹால் கட்டினார்கள். எங்களுடையது 1921-இல் எழும்பியது. உள்ளே மரப்பலகையில் 14 பெயர்கள். அதற்குக் கீழேதான் திங்கட்கிழமை விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற பெண்கள் சங்கத்து அம்மாக்கள் ஜாம் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறார்கள், செவ்வாய்க்கிழமை குழந்தைகள் தவழுகின்றன, புதன்கிழமை தாத்தாக்கள் கம்பளம் விரித்துப் பந்து உருட்டுகிறார்கள். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. ஜனவரியில் பாண்டமைம் நாடகம். அதில் தபால்காரர் கிழவி வேஷம் கட்டுவார், ஊரே எழுந்து நின்று கத்தும்.

வேல்ஸ் நாட்டு ஸ்லேட் ஓடு நூறு வருஷம் தாங்கியது. ஓட்டைப் பிடித்திருந்த ஆணி தாங்கவில்லை. 2022 குளிர்காலத்தில் மேடைக்கு மேல் ஒழுகத் தொடங்கி, பியானோவுக்குள் தண்ணீர் போனபோதுதான் ஊர் விழித்தது.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். நடு விலைக்காரரைத் தேர்ந்தெடுத்தோம். மிகக் குறைவாகக் கேட்டவர் தேதி சொல்ல மறுத்தார், அதனால்தான். 72,000 பவுண்டு, வாட் வரி 20 சதவீதம் சேர்ந்து 86,400. இந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் பழைய சர்ச்சின் கூரையைப் பழுது பார்த்தால் அப்போது வரிப் பணத்தை மானியமாகத் திரும்ப வாங்க முடிந்தது. ஊர் ஹாலை இடித்துப் போட்டுப் புதிதாகக் கட்டினால் வரியே கிடையாது. இருக்கிற ஹாலைக் காப்பாற்றினால் முழு வரி. எங்கள் பொருளாளர் முப்பது வருஷம் வங்கியில் இருந்தவர். அவரே இதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

இனி வவ்வாலுக்கு வருகிறேன்.

குழுவின் மேல் இரண்டு குற்றச்சாட்டுகள். வேலைக்கு முன்னால் வவ்வால் ஆய்வு செய்யவில்லை என்பது ஒன்று. ஏப்ரலில் தொடங்கவேண்டிய வேலையை மே மாதத்துக்குத் தள்ளினோம் என்பது இன்னொன்று. இரண்டும் நடந்ததுதான். ஏன் நடந்தது என்று கேளுங்கள்.

ஆய்வு என்றால், கோடையில் சாயங்காலம் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்து வெளியே வருகிற வவ்வாலை எண்ணுவது. மே முதல் செப்டம்பர் வரைதான் செய்யலாம். எங்கள் கையில் மானியம் வந்ததே அதற்குப் பிறகு. காத்திருந்தால் ஒரு வருஷம் போகும், மானியக் கடிதத்திலோ கெடு போட்டிருந்தது. பழைய ஓடுகளுக்குப் பதில் அதே மாதிரி ஓடுகளைப் போடுவதால் கவுன்சிலின் திட்ட அனுமதியும் தேவைப்படவில்லை. ஆகவே கவுன்சில் அலுவலகத்தில் யாரும் கேட்கவும் இல்லை. கூட்டத்தில் வாக்கெடுத்தோம். வேண்டாம் என்று ஐந்து பேர், வேண்டும் என்று இரண்டு பேர். அந்த ஐந்தில் நானும் ஒருவன்.

மே மாதத்துக்குத் தள்ளியது மன்னர் சார்லஸின் முடிசூட்டுக்காக. 2023 மே 6 முடிசூட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க ஊர் விருந்து. "அன்றைக்கு ஹாலில் சாரம் நிற்குமா?" என்று கேட்டு 61 பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தது. குழு என்ன செய்யும்? ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார். விருந்து நன்றாகவே நடந்தது. சாண்ட்விச், ஸ்கோன், ஆறு விதமான கேக், நம் வீட்டிலிருந்து போன இருநூறு மெதுவடை. வடைதான் முதலில் தீர்ந்தது என்பதை இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

மறு வாரம் சாரம் கட்டினார்கள். 15-ஆம் தேதி ஓடு பிரிக்கத் தொடங்கினார்கள். 22-ஆம் தேதி திங்கட்கிழமை காலை, கிழக்குக் கோடியில் ஒரு பையன் முகட்டு ஓட்டைத் தூக்கினான். உள்ளே கட்டைவிரல் அளவில், பழுப்பு நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முப்பது நாற்பது பிபிஸ்ட்ரெல் வவ்வால்கள். பெண் வவ்வால்கள் பிள்ளை பெறக் கூடும் இடம் அது. ஒன்றின் எடை ஐந்து கிராம் இருக்கும்; வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி. 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்திலும் 2017-ஆம் ஆண்டு வாழிட விதிகளிலுமாக, வவ்வாலைத் தொந்தரவு செய்தாலும் குற்றம், அது இல்லாத நேரத்தில் அதன் இருப்பிடத்தைக் கலைத்தாலும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. பையன் ஓட்டை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு இறங்கிவிட்டான். அவனுக்குக் குழு கடமைப்பட்டிருக்கிறது.

அன்றைக்கு நின்ற வேலை செப்டம்பர் 11-இல்தான் மறுபடி தொடங்கியது. பதினாறு வாரம். பாதிக் கூரையில் நீலத் தார்ப்பாய், சுற்றிலும் சாரம். நிபுணர் ஆய்வு, நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் உரிமம், வேலை நடக்கும்போது கூடவே நின்று பார்க்கும் கூலி எல்லாம் சேர்த்து 4,150 பவுண்டு. தம்பி கேட்ட நாலாயிரம் இதுதான்.

சாரத்துக்கு வார வாடகை 290. பதினாறு வாரத்துக்கு வரியோடு 5,568 பவுண்டு கேட்டு ஒப்பந்தக்காரரின் கடிதம் ஆகஸ்டில் வந்தது. கழற்றிவிட்டுப் பிறகு கட்டலாமே என்றோம். கழற்றிக் கட்ட அதைவிட அதிகமாகும், தவிர வவ்வால் இருக்கும்போது சுவரோரம் குழாயை உருவ நிபுணர் விடமாட்டார் என்றார். கூரையைப் பார்த்துத்தானே விலை சொன்னீர்கள் என்றோம். வவ்வால் இருக்கிறதா என்று பார்க்கவேண்டியது கட்டடத்தின் சொந்தக்காரர் என்றார். ஏப்ரலில் தொடங்கியிருந்தால் கிழக்குக் கோடி வவ்வால் வருமுன் முடிந்திருக்கும், உங்கள் விருந்துக்காகத்தானே தள்ளினேன் என்று அடுத்த கடிதம். இது எங்களைச் சுட்டது. ஆய்வு வேண்டும் என்று ஓட்டுப் போட்ட இரண்டு பேரில் ஒருவரான ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியைதான் பதில் சொன்னார்: "ஏப்ரலில் பிரித்திருந்தால் தெரியாமலே அதன் வீட்டை அழித்திருப்போம். அதுவும் குற்றம்தான்." ஒப்பந்தக்காரரால் அதற்கு மேல் பேச முடியவில்லை. "நான் அப்போதே சொன்னேனே" என்று அந்த அம்மாள் ஒரு நாளும் எங்களைக் கேட்டதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வவ்வால் வடிவத்தில் பிஸ்கட் சுட்டுக் கொண்டுவருவார், அவ்வளவுதான்.

அதற்குள் ஃபெல்ட் தகராறு. ஓட்டுக்கு அடியில் விரிக்க, காற்றுப் போகும் நவீனத் துணியை ஒப்பந்தக்காரர் ஏற்கெனவே வாங்கி அடுக்கிவிட்டார். அந்தத் துணியில் நூல் பிரிந்து வவ்வாலின் நகம் சிக்கிச் செத்துப்போகுமாம். பழைய மாதிரித் தார் ஃபெல்ட்தான் போடவேண்டும் என்றார் நிபுணர். மாற்றியதற்கு 780. இதை நாங்கள் சண்டை போடாமல் கொடுத்தோம்.

சார வாடகையில் பாதியை, 2,784 பவுண்டை, கொடுத்துத் தீர்த்தோம். "குழு பணிந்துவிட்டது" என்று பப்பில் பேச்சு. சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம்தான். பாதிக் கூரையில் தார்ப்பாயோடு, குளிர்காலத்தை எதிரே வைத்துக்கொண்டு, கூரை போடுகிறவர் மேலேயே வழக்குப் போடச் சொல்கிறவர்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு நிற்கலாம். ஒப்பந்தக்காரர் மூன்று மைல் தள்ளி இருப்பவர். அவர் அம்மாவும் எங்கள் ஊர் விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்டும் ஒரே ஜாம் போட்டியில் கலந்துகொள்கிறவர்கள். சர்ச் வார்டன் பப்பின் பின்னறையில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

அந்தக் கோடையில் ஊர் எப்படி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஹாலை ஒரு கட்டடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். குழந்தைகள் குழு சர்ச்சின் பின்பக்கத்துக்குப் போனது. கல் தரையில் யாரும் தவழவில்லை. தாத்தாக்கள் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். அதில் ஒருவர் மூன்று வாரம் யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. ஜூலைத் திருவிழாவைப் புல்வெளியில் மழையிலேயே நடத்தினோம். தேங்காயைப் பந்தால் அடித்து வீழ்த்தும் கடை, கேக் எடையைச் சொல்லும் போட்டி, நாய்ப் போட்டி (நனைந்த நாய்களுக்குத் தனிப் பரிசு) என்று எதையும் விடவில்லை. அறுவடை விருந்து ஒரு விவசாயியின் களஞ்சியத்தில், வைக்கோல் கட்டுகள்மேல் உட்கார்ந்து நடந்தது. இனி எப்போதும் அங்கேயே வைக்கலாம் என்கிறார்கள். குழு அதைக் காதில் வாங்கவில்லை.

தரை, சமையலறை, சக்கர நாற்காலி போகும் கழிப்பறை: 9,860 பவுண்டு, சொன்ன நாளில் முடிந்தது. கொதிகலன் அறையில் ஆஸ்பெஸ்டாஸ் அகற்ற 1,320.

மொத்தச் செலவு 1,05,294 பவுண்டு. ராணியின் பிளாட்டினம் விழாவை ஒட்டி 2022-இல் அரசு அறிவித்த ஊர் ஹால் நிதியிலிருந்து 17,000, லாட்டரி நிதியிலிருந்து 10,000, பாரிஷ் கவுன்சில் (ஊர் மன்றம்) 12,000, மாவட்டக் கவுன்சில் 8,000, ஹாலின் சேமிப்பு 24,300. மாதக் குலுக்கல் சீட்டில் 1,900. நிகழ்ச்சிகளில் 7,480, இதில் வாக்குறுதி ஏலத்துக்குத்தான் (ஆளுக்கொரு பொருளோ உதவியோ தருவதாகச் சொல்ல, அதை ஏலம் விடுவது) பெரிய பங்கு. ஒரு வண்டி நிறையக் குதிரைச் சாணம் 95 பவுண்டுக்குப் போனது. ஸ்லவிலிருந்து வந்து பப் சமையலறையில் நின்று 62 பேருக்குப் பிரியாணி போட்ட நம் அண்ணனுக்கும் அண்ணிக்கும் தனி நன்றி.

நன்கொடை 19,450. கொடுத்தவர்கள் பெயர் பலகையில் இருக்கிறது. தனியுரிமைச் சட்டம் என்று பொருளாளர் பயமுறுத்துவதால் இங்கே பெயர் போடவில்லை, ஆள் தெரியும். விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் கிளை, மார்மலேட் விற்று 1,000. சர்ச் மணி அடிப்பவர்கள், மூன்று கல்யாணத்தில் கிடைத்த கூலி முழுவதும். கிரிக்கெட் அணி, ஒரு பருவத்தின் தேநீர்க் காசில் பாதி. தோட்டக்காரர்கள் சங்கம். பப் உரிமையாளர். பண்ணைக்காரர் இருவர், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாதவர்கள், சரியாக ஒரே தொகை. பள்ளிப் பிள்ளைகள் சில்லறையாக 84 பவுண்டு 17 பென்ஸ். எண்ணவே ஒரு மாலை ஆனது. இந்த ஹாலில் நடனமாடியபோது கணவரை முதலில் சந்தித்த ஒரு பாட்டி, 500. நம்மவர்கள் 23 பேர், 1,610. வரி கட்டுகிறவர்கள் படிவம் கொடுத்ததால், நன்கொடைமேல் அரசு தரும் கிஃப்ட் எய்டாக, பவுண்டுக்கு 25 பென்ஸ் வீதம், 3,610 வந்தது. நம்மில் ஒன்பது பேர் இன்னும் படிவம் அனுப்பவில்லை. எத்தனை தடவை கேட்பது?

ஆக வரவு 1,03,740. குறை 1,554. குழுவில் ஒருவர் வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறார். யார் என்று சொல்லக்கூடாது என்பது அவர் நிபந்தனை. செயலாளர் இல்லை, செயலாளரிடம் அவ்வளவு பணம் இல்லை.

நவம்பர் 12, போர் நினைவு ஞாயிறன்று கதவு திறந்தோம். சர்ச்சிலிருந்து எல்லாரும் நனைந்த கோட்டோடு நேராக உள்ளே வந்தார்கள். 14 பெயரையும் படித்தார்கள். அப்புறம் தேநீர். மேடைக்கு மேல் எல்லாரும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள்.

ஹாலை ஜூலையில் கேட்டிருக்கும் இரண்டு குடும்பத்துக்கும் ஒரு விஷயம். கிழக்குச் சுவர்ப் பக்க வெளிவிளக்கை மே முதல் ஆகஸ்ட் வரை பொழுது சாய்ந்தபின் போடக்கூடாது, உரிமத்தின் நிபந்தனை. வளைகாப்புக்கு சீரியல் பல்பு தொங்கவிடுவதென்றால் மேற்குப் பக்கம் தொங்கவிடுங்கள். அன்றைக்கு வாசலில் ஒரு பெண்மணி நாற்காலி போட்டுக் கையில் எண்ணும் கருவியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நிபுணர். அவருக்கும் ஒரு தட்டு சாப்பாடு எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
2024 மார்ச்