நாலு மணி நேரச் சோதனை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள், அதனால்தான் தாமதம். இப்போது பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிகிறது. சும்மா இருக்க முடியாமல், சட்டம் படிக்கும் பேத்தியின் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

"உரிமையெல்லாம் யாரோ பார்த்துக் கொடுத்ததுதானே" என்று எழுதியிருந்தாய். முன்பென்றால் 1215, இங்கிலாந்தின் ஜான் மன்னன், அவர் ஒப்புக்கொண்ட உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டா என்று ஆரம்பித்திருப்பேன். அதைப் போப்பாண்டவர் மூன்று மாதத்துக்குள் செல்லாது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்த 'சுதந்திர மனிதன்' கணக்கில் பண்ணையடிமைகள் வரவும் இல்லை.

எனக்கு இப்போது பிடித்தது வேறு கதை. 1762 நவம்பர், லண்டன். ஜான் என்டிக் என்ற எழுத்தாளர், அரசாங்கத்தைச் சாடும் பத்திரிகையோடு தொடர்புள்ளவர். அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் கொடுத்த வாரண்டோடு அரசரின் ஆட்கள் நாலு பேர் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நாலு மணி நேரம்! பூட்டை உடைத்து, பெட்டிகளைக் குடைந்து, அவருடைய காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மனிதர் சும்மா விடவில்லை, அவர்கள் மேலேயே வழக்குப் போட்டார். "காலங்காலமாக இப்படித்தான் செய்கிறோம், நாட்டுக்கு இது அவசியம்" என்றது எதிர்த்தரப்பு. 1765இல் நீதிபதி கேம்டன் கேட்டது ஒன்றுதான்: இது சட்டம் என்றால் நம் புத்தகங்களில் இருக்கும், எங்கே காட்டு? காட்ட முடியவில்லை. என்டிக்குக்கு 300 பவுன் நஷ்டஈடு.

என் வீட்டில் என் காகிதத்தை ஏன் வைத்திருக்கிறேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, கதவை உடைத்தவன்தான் அதிகாரத்தைக் காட்ட வேண்டும். இதில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், சொல்லு?

அதே தீர்ப்பில், மனிதர்கள் சமுதாயமாகச் சேர்ந்ததே தங்கள் சொத்தைக் காத்துக்கொள்ளத்தான் என்று ஒரு வரி. அப்படியே ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக்கின் பேச்சு! அவர் செத்து அறுபது வருஷம் கழித்து, உடைந்த பூட்டுக்குச் சாட்சி சொல்ல வந்த மாதிரி இருந்தது. அந்த லாக்கே அடிமை வியாபாரக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவராம். பேத்தி சொன்னாள். அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

சரி, முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு வரும்போது என் செஸ் போர்டைக் கொண்டு வா. எட்டு வருஷமாக உன்னிடம் கிடக்கிறது. வாரண்டெல்லாம் என்னிடம் இல்லை.

அன்புடன்,
கணேசன்