பரிசல் திரும்புவதற்குள்

தருமபுரி,
செவ்வாய் இரவு

அன்புள்ள கண்ணு,

பேரனுக்குச் சளி குறைந்ததா? நீ போனில் சொன்னதை அப்படியே சொன்னாலும் அம்மா நம்பமாட்டேன் என்கிறாள்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். பேரனைப் படம் எடுக்க, லென்ஸ் மாற்றிப் போடுகிற பெரிய கேமராவான டிஎஸ்எல்ஆர்தான் வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை, நீ கைப்பைக்குள் போகிற சின்ன கேமரா போதும் என்கிறாய். 20 வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்த பாவத்துக்கு என்னை நடுவில் இழுத்துவிட்டீர்கள்.

ஒகேனக்கல் போனபோது சித்தப்பாவின் சின்ன கேமராவில் நான் படம் எடுத்தது நினைவிருக்கிறதா? பரிசல்காரர் துடுப்பைப் போட்டு ஒரு சுற்று சுற்றினார். நீ சிரித்தாய், நான் பட்டனை அழுத்தினேன். அந்தக் கேமரா போகஸ் தேடி முன்னும் பின்னும் முனகிவிட்டு ஒருவழியாகப் படம் எடுத்தபோது பரிசல் பாதி திரும்பிவிட்டது. ஆல்பத்தில் இருப்பது பரிசல்காரர் முதுகு. ஒரு வயதுப் பிள்ளையும் அப்படித்தான், நமக்காக நிற்காது. டிஎஸ்எல்ஆரில் போகஸுக்கென்றே தனி சென்சார் இருக்கிறது. லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று அதற்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் ஒரு விஷயம், மேலே இருக்கும் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்து எடுக்க வேண்டும். பின்னால் இருக்கும் திரையைப் பார்த்து எடுத்தால் பழைய மாடல்களும் தடுமாறும்.

மெகாபிக்சல் கணக்கைப் பார்த்து ஏமாறாதே. படம் பதிகிற சென்சார் பெரிதாக இருந்தால்தான் வெளிச்சம் நிறைய விழும். சாதாரண சின்ன கேமராவில் அது சுமார் 6 மி.மீ.க்கு 4.5 மி.மீ. டிஎஸ்எல்ஆரில் பரவலாக இருப்பது சுமார் 23 மி.மீ.க்கு 15 மி.மீ. பரப்பில் பத்து மடங்குக்கு மேல். ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் சின்னதில் எடுத்துப் பார், பையன் கன்னத்தில் ராகி மாவு தூவிய மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும்.

சின்னதை மட்டமாகச் சொல்லவும் மனசு வரவில்லை. தை மாதம் கிருஷ்ணகிரி மாமா தோப்பில் மாம்பூவுக்கு இரண்டு விரல் தூரம் வரை கொண்டுபோய் எடுத்தேன், ஒவ்வொரு பூவும் தனித்தனியாக விழுந்தது. என் டிஎஸ்எல்ஆரின் 18-55 எம்எம் லென்ஸ் கால் மீட்டருக்குள் போனாலே மக்கர் பண்ணும். ஆனால் நீ மாம்பூவா எடுக்கப்போகிறாய்?

அதனால் மாப்பிள்ளை பக்கம்தான் நான். புதுசு மட்டும் வேண்டாம். நிறையப் பேர் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டதால் பழையதே நல்ல நிலையில் கிடைக்கிறது. வண்டிக்குக் கிலோமீட்டர் பார்ப்பதுபோல ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்; சிலந்திவலை மாதிரி பூஞ்சை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. என் 50 எம்எம் லென்ஸ் அப்படித்தான் வீணானது, ஒகேனக்கல் சாரலில் நனைந்த பையோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். உனக்கு எப்படியும் 50 வேண்டாம், அது கிட்டத்தில் இழுத்துக் காட்டும், உங்கள் ஹாலில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டுதான் எடுக்க வேண்டியிருக்கும். 35 எம்எம், வெளிச்சத்தை நிறைய உள்ளே விடுகிற எஃப் 1.8 லென்ஸ் கிடைத்தால் வாங்கு.

முதல் படத்தைப் பிரிண்ட் போட்டு அனுப்பு. போனில் பார்த்தால் பேரன் இளைத்துத் தெரிகிறானாம் அம்மாவுக்கு.

அன்புடன்,
அப்பா