உரச் சீட்டு எழுதும் வேளாண் அலுவலர்களுக்கு: தண்ணீரையும் சேர்த்து எழுதுங்கள்

மண் பரிசோதனை முடிவைப் பார்த்து மக்காச்சோளத்துக்கு உரம் பரிந்துரைக்கும் அலுவலர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் தரும் சீட்டில் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளுக்குக் கிலோ கணக்கு இருக்கிறது. தண்ணீர் பற்றி ஒரு வரி இல்லை. நல்ல மண்ணில் இதனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. உப்பு மிகுந்த உவர் நிலத்திலும், சோடியம் மிகுந்த களர் நிலத்திலும் அப்படியில்லை. அங்கே தண்ணீர் விடும் விதம்தான் உரம் பயிருக்குப் போகுமா, வீணாகுமா என்பதை முடிவு செய்கிறது.

மக்காச்சோளம் உப்பை அவ்வளவாகத் தாங்காது. மண்சாற்றில் உள்ள உப்பை அளக்கும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.7 டெசிசைமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 சதவீதம் போகும். ஆனால் 4-ஐத் தொட்டால்தான் ‘உவர்’ என்று எழுதுகிறோம். உவர் என்று பெயர் வாங்காத நிலத்திலேயே கால் பங்கு விளைச்சல் போயிருக்கலாம்! அந்த விவசாயி பயிர் குன்றி நிற்பதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் யூரியா போடுகிறார். உரமும் உப்புதானே. ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாத நிலை இன்னும் மோசமாகிறது. சாம்பல் சத்துக்குக்கூட பொட்டாசியம் குளோரைடுக்குப் பதிலாக பொட்டாசியம் சல்பேட் போட்டால் உப்புச் சுமை பாதிக்கும் கீழே இறங்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் சீட்டில் சொல்லலாமே.

பாரில், அதாவது வாய்க்கால்களுக்கு இடையே உள்ள மண்மேட்டில், விதைப்பதையே பாருங்கள். வாய்க்கால் தண்ணீர் பாரின் உச்சிக்கு ஏறி ஆவியாகும்போது உப்பு அங்கேயே வெள்ளையாகப் படியும். நாம் விதையை ஊன்றுவதும் அதே உச்சியில்தான். பாரின் பக்கச் சரிவில், ஈரம் எட்டும் இடத்தில் ஊன்றினால் முளைப்பு தப்பிக்கும். செலவே இல்லாத வேலை இது.

அப்புறம், அடிக்கடி மேலோட்டமாகத் தண்ணீர் காட்டினால் உப்பு மேல் மண்ணிலேயே தங்கிவிடும். வடிகால் இருந்தால், இடையில் ஒருமுறை தாராளமாகப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்க வேண்டும். ஆனால் முந்தின நாள் மேலுரம் போட்டிருந்தால் தழைச்சத்தான நைட்ரேட்டும் உப்போடு சேர்ந்து இறங்கிவிடும். முதலில் கழுவும் பாசனம், பிறகு மேலுரம். இந்த வரிசையை நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

களர் நிலத்தின் சிக்கல் வேறு. சோடியம் மண் கட்டமைப்பைக் குலைப்பதால் தண்ணீர் இறங்காமல் தேங்குகிறது. முழங்கால் உயரம் வராத மக்காச்சோளம் இரண்டு மூன்று நாள் தேங்கிய நீரில் நின்றாலே மஞ்சளாகிவிடும். காற்றில்லாத மண்ணில் நைட்ரேட் வாயுவாகப் போகும். கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் உள்ள ஈர மண்ணில் யூரியாவைத் தூவி அப்படியே விட்டால் அது அம்மோனியாவாகப் பறக்கும். இங்கே தழைச்சத்தைக் கூட்டி எழுதுவதில் என்ன பயன்? ஜிப்சத்தை மண்ணில் கலந்து, நீர் தேக்கி, சோடியத்தை வடித்து வெளியேற்றிய பிறகுதான் உரத்துக்கே வேலை. இளம் இலையின் அடிப்பக்கம் நடு நரம்பின் இருபுறமும் வெளிறிய பட்டை தெரிந்தால் அது துத்தநாகக் குறை. எத்தனை மூட்டை யூரியா போட்டாலும் அது தீராது.

அமில மண்ணில் அலுமினியம் வேரைக் கட்டையாக்கிவிடும், மணிச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆழத்தில் ஈரம் இருந்தாலும் வேர் அங்கே போகாது. சுண்ணாம்புதான் முதல் செலவு.

தண்ணீர் குறைவாக இருப்பவருக்கு ஒன்று கட்டாயம் எழுதுங்கள்: ஆண் பூ வந்து கதிரில் நூல் தள்ளும் நாட்களுக்கு நீரை மிச்சம் வையுங்கள் என்று. அப்போது வாடினால் நூல் தாமதமாகும், மகரந்தம் முன்னாலேயே கொட்டிப்போகும், கதிரில் மணி பிடிக்காது. அதுவரை போட்ட உரம் அத்தனையும் தட்டைக்குத்தான் போகும்.

அடுத்த பருவச் சீட்டில் மண் மாதிரியோடு பாசன நீர் மாதிரியும் கேளுங்கள். ஒவ்வொரு மேலுரத்துக்கும் எதிரே, அதற்கு முன்னும் பின்னும் எப்படித் தண்ணீர் விட வேண்டும் என்று எழுத ஒரு கட்டம் போடுங்கள்.

இப்படிக்கு,
உவர் மண்ணில் மக்காச்சோளம் போடும் ஒரு விவசாயி