குழுவைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்

கொழும்பில் தொலைக்கல்விப் பாடநெறிகளை நடத்தும் நிறுவனங்களின் கல்விப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பகலில் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன்; இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பட்டப்படிப்பு. எங்கள் பாடநெறிக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் அட்மின் மட்டும்தான் எழுதலாம். சூம் லிங்க் வரும், ஒப்படைக்கான கடைசித் திகதி வரும், கட்டணம் கட்டச் சொல்லும் செய்தி தவறாமல் வரும். கேள்வி கேட்க வழியில்லை. திறந்துவிட்டால் 'குட் மோர்னிங்' படங்கள் நிறைந்துவிடும் என்கிறீர்கள். சரி, அதுவும் பொய்யில்லை.

அதனால் நாங்களே வேறொரு குழு வைத்திருக்கிறோம். படிப்பு உண்மையில் நடப்பது அங்கேதான். போன செமஸ்டரில் பெறுமானத் தேய்வுக் கணக்கு (பாவிக்கப் பாவிக்கச் சொத்தின் பெறுமதி குறைவதை எழுதுவது) ஒன்று பலருக்கும் சிக்கல். இயந்திரத்தை வருட நடுவில் விற்றால் அந்த வருடத்துக்கு எத்தனை மாதத் தேய்வு எழுதுவது? ஒருவர் கொப்பியைப் படமெடுத்துப் போட்டார். பாணந்துறை போகும் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடியே ஒரு அக்கா குரல் பதிவு அனுப்பினார். கொண்டக்டரின் சத்தத்துக்கு நடுவே, "கேள்வியிலயே கம்பனியின்ட கொள்கை என்னெண்டு குடுத்திருக்கும், முதல்ல அதப் பாருங்கோ" என்றார். பாதிப் பேருக்கு அதிலேயே விளங்கிவிட்டது. ஆனால் அதன்பின் இன்னொருவர் போட்ட விளக்கம் பிழை. திருத்த ஆளில்லாததால் பலர் அதை அப்படியே ஒப்படையில் எழுதிக் கொடுத்தார்கள். விரிவுரையாளர் ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் கலந்துரையாடல் பகுதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2002இல் முதல் பதிப்பு வந்த மூடிலை உருவாக்கியதே, மாணவர்கள் ஒருவரோடொருவர் பேசிச் சேர்ந்து கற்பார்கள் என்ற எண்ணத்தில்தான். எங்கள் தளத்திலோ முதல் வாரம் சிலர் தங்களை அறிமுகம் செய்துகொண்டதோடு சரி. பதில் வராத இடத்தில் இரண்டாம் முறை யார் கேட்பார்?

நான் கேட்பது செலவுள்ள விஷயமல்ல. ஒரு பாடத்துக்கு வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணிநேரம், பாடம் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கட்டும். அந்த நேரம் மட்டும் எல்லோரும் எழுதலாம் என்று மாற்றிவிடுங்கள். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரட்டும். இரண்டு மணிநேர சூம் வகுப்பு டேட்டாவைக் குடித்துவிடுகிறது; ஐந்து நிமிடக் குரல் பதிவு அப்படியல்ல. 2020இல் அரச பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களுக்கு டேட்டா கட்டணமில்லாமல் ஏற்பாடு செய்தார்கள். எங்களைப் போன்றவர்கள் இன்று ரீலோட் போட்டுத்தான் படிக்கிறோம்.

நல்ல கேள்வி பதில்களை அன்றே மூடிலில் ஏற்றிவிடுங்கள். குழுவில் எப்போதோ மேலே போய்விட்ட பதிலைப் பரீட்சைக்கு முதல் நாள் தேடுவது பெரும்பாடு. அதோடு 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் நாட்டில் வட்ஸ்அப் உட்பட சமூக வலைத்தளங்களை முடக்கினார்கள். அப்படி இன்னொரு நாள் வந்தாலும் பாடம் கையில் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் பற்றியும் சொல்ல வேண்டும். குழுவில் சேர்ந்தால் தொலைபேசி இலக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரவு பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து 'ஹாய்' வரும். அதற்குப் பயந்தே சேராமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். மூடிலில் பெயர் மட்டும் தெரிந்தால் போதும். அவர்கள் அங்கே கேட்கட்டும், பதில் சொல்பவர் இரண்டு இடத்தையும் பார்க்கட்டும். தொல்லை கொடுப்பவரைப் பற்றி யாரிடம் முறையிடுவது என்பதையும் முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

அடுத்த செமஸ்டரில் ஒரே ஒரு பாடத்தில் தொடங்கிப் பாருங்கள். நிதிக் கணக்கீடு என்றால் நல்லது. அதிகம் பேர் தடுமாறுவது அதில்தான். சனிக்கிழமை மாலை மட்டும் வைத்துவிடாதீர்கள், அன்றைக்குக் கடை பூட்ட எட்டு மணியாகும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தொலைக்கல்வி மாணவி