முதலில் தோள் அளவு, அப்புறம்தான் குழல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரில் பேரையூர், சாப்டூர் பக்கம் காட்டுப்பன்றிகள் மக்காச்சோளத்தை அழித்த செய்தி வந்தது. இரண்டு நாள் கழித்து அதற்கு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். வெளிநாட்டில் ஆளாளுக்கு அளவு கொடுத்து வேட்டைத் துப்பாக்கி செய்து வாங்குகிறார்கள், மதுரையில் இல்லாத லேத் பட்டறையா, நமக்கும் அப்படிச் செய்துகொள்ள விட்டால் என்ன என்பது அவர் கேள்வி. அவருடைய கோபம் நியாயமானது. கடன் வாங்கி விதைத்த சோளம் ஒரே ராத்திரியில் சாய்ந்து கிடந்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் அந்தக் கேள்வியை எங்கள் புதூர், கப்பலூர் பக்கத்துப் பட்டறைப் பையன்களும் படிக்கிறார்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் முப்பத்தெட்டு வருஷம் லேத் ஓட்டியவன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒருவர் கோணிச் சாக்கில் சுற்றி ஒரு பைப் கொண்டுவந்து, உள்ளே கொஞ்சம் போர் அடித்து, அதாவது துளையைக் கடைந்து, கொடுங்கள், பின்னால் ஒரு மரை போட்டுக் கொடுங்கள், கேட்கிற கூலி தருகிறேன் என்றார். கையில் வாங்கிப் பார்த்ததுமே எதற்கென்று புரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற சாதாரண இரும்பு, உள்ளே நீளத்துக்கும் தையல், அதாவது பற்றவைத்த கோடு, ஓடியது. முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வேறு ஒரு பட்டறைக்குப் போனார், அங்கே இருந்த பையன் செய்து கொடுத்தான். அதை வெடித்துப் பார்க்கும்போது பக்கத்தில் நின்றவனும் அந்தப் பையன்தான். இடது கையில் இரண்டு விரல் இல்லாமல் இப்போது வேறு வேலை பார்க்கிறான். அவன் வயது அப்போது பத்தொன்பது.

ஆகவே துப்பாக்கி செய்வது என்றால் என்ன வேலை என்று நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். என் மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் டெக்சஸில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை அங்கே குடியுரிமை வாங்கியவர், நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகும் பழக்கம் உண்டு. நான் போய்த் தங்கியிருந்த சமயத்தில்தான் அவர் தனக்கென்று, போல்ட் என்ற பூட்டுத்தண்டைக் கையால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் செய்யச் சொல்லியிருந்தார். பட்டறைக்கு என்னையும் மூன்று தடவை கூட்டிப் போனார். முதல் தடவையே கார் கிளம்பும் முன்னால், "மாமா, நீங்க விசிட்டர் விசாவுல வந்திருக்கீங்க, அங்க துப்பாக்கி எதையும் கையில எடுக்கக் கூடாது, சும்மா பாருங்க" என்று சொல்லிவிட்டார். அதன்படியே நடந்தேன்.

அந்தப் பட்டறையில் துப்பாக்கி செய்பவர் முதலில் கேட்டது எந்தத் தோட்டா, எவ்வளவு நீளக் குழல் என்பதை அல்ல. எதைச் சுடப் போகிறீர்கள், எவ்வளவு தூரத்தில், நடந்தா உட்கார்ந்தா என்றுதான் கேட்டார். வெள்ளைவால் மான், அதிகம் போனால் 250 கஜம், பெரும்பாலும் பரண் மேல் உட்கார்ந்து, நடுநடுவே காட்டுப்பன்றி. இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு மற்றதெல்லாம் தானாக வந்து பொருந்தியது. தோட்டா .308 வின்செஸ்டர். 1952ல் வந்தது, எந்தக் கடையிலும் கிடைக்கும். மாப்பிள்ளை மனதில் 2007ல் வந்த 6.5 கிரீட்மோர் தோட்டா இருந்தது, ஆனால் மாப்பிள்ளை சுடும் தூரத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்று துப்பாக்கி செய்பவர் விளக்கினார். குழல் 22 அங்குலம். மலையேறி வேட்டைக்குப் போகிறவராக இருந்தால் இன்னும் மெல்லிய குழலாகப் போட்டு எடையைக் குறைப்பேன் என்றார்.

அடுத்து அளவு எடுத்தார். இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் தையல்காரரிடம் சட்டைக்குக் கொடுக்கிற அளவு மாதிரியேதான் இருந்தது. குழலோ போல்ட்டோ இல்லாத வெறும் மரக்கட்டை ஒன்று வைத்திருந்தார், அதை நீட்டலாம், குறைக்கலாம், கன்னம் படுகிற இடத்தை ஏற்றலாம், இறக்கலாம். மாப்பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தோளில் வைக்கச் சொன்னார். வைத்த பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். திறந்த கண் ஸ்கோப், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கி, இருக்க வேண்டிய நேர்கோட்டில் இல்லை, விரற்கடை கீழே இருந்தது. கன்னப் பக்கத்தை ஏற்றினார். மறுபடி கண்ணை மூடு, தோளில் வை, திற. இப்படி ஏழெட்டு தடவை. கடையில் வாங்கும் ரைபிளில் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை பதின்மூன்றரை அங்குலம் போல இருக்கும், மாப்பிள்ளை என்னைப் போலவே குட்டையானவர், அவருக்குப் பதின்மூன்றுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. குளிர்காலத்தில் போடும் தடித்த கோட்டையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை அளந்தார், கோட்டின் தடிமனுக்காகக் கால் அங்குலம் போனது.

அதோடு மாப்பிள்ளை இடக்கைக்காரர். வழக்கமான ரைபிளில் போல்ட் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும். இடக்கைக்காரர் ஒரு தோட்டா சுட்டுவிட்டு அடுத்ததை ஏற்றக் கையை மேலாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும், அதற்குள் முகமும் தோளும் இடம் மாறிவிடும். கடையில் இடக்கை மாடல்கள் குறைவு. சொல்லிச் செய்ய அவருக்கு இருந்த உண்மையான காரணமே இதுதான். இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்துத் தூரத்து மரத்தைப் பார்க்கச் சொல்லி, எந்தக் கண் ஆளுகிற கண் என்றும் பார்த்துக்கொண்டார். இடது கண்தான். அது வலதாக இருந்திருந்தால் அதற்கு வேறு யோசனை செய்ய வேண்டியிருக்கும் என்றார்.

இரண்டாவது தடவை போனபோது குழல் லேத்தில் ஏறியிருந்தது, அன்றைக்கு எனக்குச் சாப்பாடு நினைவே வரவில்லை. குழலுக்கான கம்பியை அவர் செய்யவில்லை, அதற்கென்றே இருக்கும் கம்பெனியில் ஆழத் துளையிட்டு, உள்ளே சுழல் காடி வெட்டி, தேய்த்து மெருகேற்றியே வருகிறது. மாப்பிள்ளையின் குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்தக் காடிதான் குண்டைச் சுழல விட்டு நேராகப் போக வைக்கிறது, குண்டு நீளமாக நீளமாகச் சுற்று இன்னும் நெருக்கமாக வேண்டும், 6.5 கிரீட்மோருக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று போடுகிறார்கள். நாங்கள் வேலைப்பொருளின் வெளிவட்டத்தில் டயல் என்ற முள் கருவியை வைத்து சென்டர் பார்ப்போம். அவர் குழலின் உள்துளையில் டயல் முள்ளை விட்டு, லேத்தின் சுழலும் தலைப்பக்கமான ஹெட்ஸ்டாக்கின் இரண்டு பக்கமும் நான்கு நான்கு ஸ்க்ரூவால் தள்ளித் தள்ளி, முள் அசையாமல் நிற்கிற வரை அரை மணி நேரத்துக்கு மேல் பொறுமையாக நின்றார். ஏனென்று கேட்டேன். வெளிவட்டம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், குண்டு போகிற வழிதான் சென்டர் என்றார். மாப்பிள்ளை மொழிபெயர்க்கும் முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

குழலைத் துப்பாக்கியின் நடு உடலில் திருகும் மரை 1 1/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை. தோட்டா உட்காரும் சேம்பரை ரீமர் என்ற வெட்டுக்கருவி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார், ஒவ்வொரு தடவையும் ரீமரை வெளியே எடுத்து, பிசிர் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி உள்ளே. கடைசியில் தோட்டா மாதிரி சேம்பருக்குள் வைத்துப் பார்க்கும் இரண்டு கேஜ் எடுத்தார். ஒன்று 1.630 அங்குலம், அதன் மேல் போல்ட் முழுதாக மூட வேண்டும். இன்னொன்று 1.634, அதன் மேல் மூடவே கூடாது. நடுவில் இருப்பது 4 தௌ, அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் நான்கு பங்கு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி அளவுக்கு மேல் போனால் சுடும்போது பித்தளைக் கூடு கிழிந்து வாயு சுடுகிறவர் முகத்துப் பக்கம் வரலாம். .308 தோட்டாவுக்கு உள்ளே அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம் கார் டயரில் 30, 35 அடிக்கிறோம். தண்ணீர்க் குழாயில் கரிமருந்து அடைக்கிற தம்பிகள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரிமருந்துக்கு அவ்வளவு அழுத்தம் வராதுதான், ஆனால் தையல் போட்ட பைப் பிளக்க அதில் ஒரு சிறு பங்கே போதும், அந்தப் பையன் கையைப் பார்த்தவன் சொல்கிறேன்.

போல்ட் வேலை தனி. 1898ல் ஜெர்மனியில் மவுசர் செய்த முறைதான் இன்றைக்கும் பெரும்பாலும், போல்ட்டின் முன்முனையில் எதிரெதிராக இரண்டு காது, கைப்பிடியைக் கீழே இறக்கினால் அவை சுழன்று உள்ளே இருக்கும் படியில் பூட்டிக்கொள்ளும். இரண்டு காதும் சமமாக உட்கார்கிறதா என்று நீல மை தடவிப் பார்த்து, ஒன்றில் மட்டும் மை அழிந்தால் பொடி வைத்துத் தேய்த்துச் சமன் செய்கிறார்கள். கட்டைக்கு வால்நட் மரம், நன்றாக உலர்ந்தது. இரும்பு உட்காரும் இடத்தில் பசை ஊற்றி அச்சு மாதிரி படிய வைக்கிறார்கள், குழலோ கட்டையை எங்கேயும் தொடாமல் நிற்க வேண்டும், ஒரு தாளை இடையில் விட்டு முழு நீளத்துக்கும் இழுத்துக் காட்டினார். விசையை இழுக்க வேண்டிய பலத்தை மூன்று பவுண்டில் வைத்தார். மாப்பிள்ளை இன்னும் லேசாகக் கேட்டார். குளிரில் விரல் மரத்திருக்கும், வேட்டைக்கு அதற்குக் கீழே வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சொன்ன நாளிலிருந்து கைக்கு வர பதினொரு மாதம். பாதிப் பணம் முன்கூட்டியே. மொத்தம் 5,000 டாலரை நெருங்கியது. இவ்வளவு நீளத்துக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், வெளிநாட்டில் சட்டப்படி செய்துகொள்ளக்கூடிய இடத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் முதலில் குழலையும் தோட்டாவையும் ஸ்கோப்பையும் வாங்கிக் குவித்துவிட்டு அப்புறம்தான் பட்டறையைத் தேடுகிறார்கள். எதற்கு என்பதை ஒரு தாளில் எழுதுங்கள், அளவு கொடுங்கள், அவர் செய்த ரைபிள் வைத்திருப்பவர் இரண்டு பேரிடமாவது பேசுங்கள், விலையையும் நாளையும் எழுதி வாங்குங்கள், அதன் பிறகு பணம் கொடுங்கள்.

அங்கேயும் காகிதம் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் போல்ட் ஓடும் அந்த நடு உடல்தான் துப்பாக்கி. அதை வாங்க லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் 4473 என்ற படிவம் நிரப்பி, பின்னணி விசாரித்த பிறகுதான் கொடுக்கிறார்கள். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்குப் போகப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும், மாப்பிள்ளை அந்தச் சான்றிதழைப் பர்ஸிலேயே வைத்திருக்கிறார்.

சரி, இங்கே வருவோம். நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம், 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரையும் போகலாம். பைப்பில் மரை போட்டுக் கொடுக்கும் பையனுக்கு யாராவது இதைச் சொல்கிறார்களா? சொல்வதில்லை, இருநூறு ரூபாய் கூலியைத்தான் சொல்கிறார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் உண்டு. ஆனால் அதற்கென்று சட்டம் தனியாகப் பேர் சொல்வது குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான், ரைபிளை அல்ல. அந்த லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுடும் உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை.

பன்றிக்கு வழி வேறு. 2025 ஜனவரியில் தமிழக அரசு சொன்னபடி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் தொடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். சாப்டூர் மலையடிவாரத்தில் பாதி நிலம் அந்த மூன்று கிலோமீட்டருக்குள்தான் கிடக்கிறது, அங்கே இந்த ஏற்பாடு எப்படி உதவும் என்று விவசாயிகள் கேட்பது சரியான கேள்வி. அதை நாம் எல்லோரும் சேர்ந்து அரசிடம் கேட்க வேண்டும், லேத்திடம் கேட்க முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பன்றிச் செய்தி போடும்போது எந்த வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுப்பது, நஷ்டஈட்டுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் ஒரு கட்டமாகப் போடுங்கள். கப்பலூரில் ஒரு நாள் பட்டறைப் பையன்களைக் கூட்டி இதைப் பேச யாராவது ஏற்பாடு செய்தால், கேஜ் இரண்டையும் படம் வரைந்து எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
புதூர், மதுரை