பழைய சோறும் பசியும்: உணவு ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உணவு ஆலோசனை வழங்கிவரும் உணவியல் வல்லுநர்களுக்கு,

வணக்கம். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைக் காலையில் சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது, எடையும் குறையும் என்று உங்களில் பலர் காணொளிகளில் சொல்லிவருகிறீர்கள். அதற்குக் காரணமாக நீங்கள் சுட்டும் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச், அதாவது எளிதில் செரிக்காத மாவுச்சத்து, கற்பனையன்று. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி மீண்டும் இறுகி, சிறுகுடலின் நொதிகளுக்கு வசப்படாமல் பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்ற, அவை பசியைத் தணிக்கும் ஹார்மோன்களைத் தூண்டக்கூடும். ஆனால் எவ்வளவு சாப்பிட்டால் இது நடக்கும் என்பதை நீங்கள் சொல்வதில்லை.

இந்தோனேசிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, அப்போதுதான் வடித்த 100 கிராம் வெள்ளைச் சோற்றில் இந்த மாவுச்சத்து 0.64 கிராம், அறை வெப்பநிலையில் பத்து மணிநேரம் ஆறிய சோற்றில் 1.30 கிராம். இரு மடங்குதான், ஆனாலும் ஒன்றரைக் கிராமைக்கூடத் தொடவில்லை. பிரிட்டனில் 2010-இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான 20 இளைஞர்களுக்கு இரு வேளை உணவில் சேர்த்துக் கொடுக்கப்பட்ட இந்த மாவுச்சத்து 48 கிராம். அதுவும் அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகை மிகுந்த மக்காச்சோளத்திலிருந்து எடுத்தது. அந்த அளவைப் பழைய சோற்றிலிருந்து பெற வேண்டுமானால் மூன்றரைக் கிலோவுக்கும் மேல் உண்ண வேண்டும்.

அந்த ஆய்வின் முடிவையும் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். அவர்கள் அடுத்த வேளையிலும் 24 மணிநேரத்திலும் உண்ட கலோரி குறைந்தது. ஆனால் தங்களுக்கு எவ்வளவு பசிக்கிறது என்று அவர்களே குறித்த மதிப்பெண்களில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. உண்பது குறைவதும் பசி குறைவதும் ஒன்றல்ல. 'பசிக்காது' என்ற உங்கள் வாக்குறுதி, ஆதாரமாகக் காட்டக்கூடிய ஆய்விலேயே கிடைக்காத ஒன்று. 2024-இல் வெளியான சீன ஆய்வில் 37 பேர் எட்டு வாரங்களில் சராசரியாக 2.8 கிலோ எடை குறைந்தது உண்மையே. அங்கும் நாளொன்றுக்கு 40 கிராம் கொடுத்தார்கள், கூடவே உணவுக் கட்டுப்பாடும் இருந்தது.

எனக்குப் பெரும் கவலை தருவது சர்க்கரை நோயாளிகளின் நிலை. 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் கார்போஹைட்ரேட் உள்ளது; ஆறவைத்தாலும் அதில் பெரும்பகுதி குளுக்கோஸாகவே மாறும். சின்ன வெங்காயமும் மோரும் சேர்ந்த ஒரு கிண்ணத்தை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'பழைய சோறு சர்க்கரையை ஏற்றாது' என்று நம்பி இரண்டாவது கிண்ணம் போட்டுக்கொள்பவருக்கு அந்தத் துணிச்சலை உங்கள் சொல்தான் தருகிறது.

ஆகவே இனி இதைப் பற்றிப் பேசும்போது எந்த உணவில் எத்தனை கிராம், ஆய்வில் கொடுத்தது எத்தனை கிராம், அளந்தது பசியையா உண்ட அளவையா என்ற மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். வேகவைத்த கொண்டைக்கடலையும் பயறும் இந்த மாவுச்சத்தோடு நார்ச்சத்தும் புரதமும் தருகின்றன என்பதற்கும் அதே நேரத்தை ஒதுக்குங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவின் அளவை மாற்றக் கூடாது என்பதைக் காணொளியின் தொடக்கத்திலேயே அறிவியுங்கள்.

அக்கறையுடன்,
ஒரு வாசகர்