கீரிக்கு வால் வரையவில்லை

திருநெல்வேலி டவுன்,
28 மே 2025

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணாச்சிக்கு முட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மத்தியானம் வீட்டு முன்பக்கத் தார்சாவில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உட்கார முடிகிறது. நாலு மணி ஆனதும் தெருப்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு காலண்டர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வரைகிறார்கள், வெட்டுகிறார்கள், ஒட்டுகிறார்கள். ஆறு மணி வரைக்கும் ஒரே அவயம், கூச்சல்.

பெரிய பேத்தி நீ வாங்கிக் கொடுத்த வண்ணம் தீட்டும் புத்தகத்தை இரண்டே நாளில் மூலையில் போட்டுவிட்டு மறுபடி செல்போனை எடுத்துவிட்டாள், பிள்ளைகளுக்கு வீட்டில் வேறென்ன செய்து கொடுக்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். அவளைக் கோபிக்காதே. அந்த மாதிரிப் புத்தகங்கள் இங்கேயும் வந்தன. சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, பென்குவின், வரிக்குதிரை. எல்லாம் நல்ல பிராணிகள்தான். ஆனால் பிள்ளைக்கு அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அட்டையில் எந்த நிறம் இருக்கிறதோ அதைப் பார்த்து அடித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறது. நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்த கீரி, ஓணான், எருமை, கூழைக்கடாப் பறவை எதுவும் அதில் வராது. நாம்தான் வரைந்து கொடுக்க வேண்டும். எனக்கு இது இரண்டு வருசமாகப் பார்த்துப் பார்த்துப் புரிந்தது.

ஒரு நாள் யானை வரைந்து கொடுத்தேன். எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி, நாலு காலுக்கும் அடியில் கட்டம் கட்டமாக எதையோ சேர்த்து வரைந்து அரக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். யானை பலகை மேல் நிற்கிறதா என்று கேட்டேன். "இல்ல ஆச்சி, காந்திமதிக்குச் செருப்பு" என்றாள். நெல்லையப்பர் கோவில் யானைக்கு 2022இல் பக்தர்கள் தோல் செருப்பு செய்து கொடுத்தார்களே, அதைச் சின்னதில் பார்த்ததை மறக்காமல் வைத்திருக்கிறாள். காந்திமதி இந்த ஜனவரியில் போய்விட்டது. அன்றைக்கு ரத வீதியே கூடி நின்று அழுதது. அந்தத் தாளை நான் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். எந்தப் புத்தகத்து யானையும் அந்தப் பிள்ளையிடமிருந்து இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருக்காது.

நிறம் விஷயத்தில் மட்டும் குறுக்கே போகாதே, செண்பகம். ஒரு பையன் எருமைக்கு நீலம் அடித்தான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அப்பாவோடு ஆற்றில் எருமை குளிப்பாட்டப் போகிறவன். நனைந்த எருமை முதுகில் வானம் விழுந்தால் அது நீலமாகத்தான் மினுங்கும், நானும் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சின்ன வால் வைத்த மயில் படம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அவள் பழுப்பு அடித்துக்கொண்டு போனாள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு அனுப்பிவிட்டார்கள். பெண்மயிலுக்கு நீளத் தோகை ஏது? உடம்பு பழுப்புதானே, கழுத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை. வயக்காட்டில் தினமும் மயில் பார்க்கிற பிள்ளை அது. ஒரு வாரம் கலர் பென்சிலையே தொடவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். படம் வரைய வராதே என்று பயப்படாதே. ஒரு நல்ல புகைப்படத்தைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே வெள்ளைத்தாளை ஒட்டி, தெரிகிற ஓரத்தை மட்டும் தடித்த ஸ்கெட்சால் இழுத்துவிடு. உன் வீட்டு மூன்று வயதுச் சின்னவனுக்கு உடம்பு, தலை, வால் என்று மூன்று பெரிய இடம் இருந்தால் போதும். கோட்டுக்கு வெளியே போவான், போகட்டும். அவனுக்கு மெழுகு கிரயானை முழுசாகக் கொடுக்காமல் விரல் நுனி அளவுக்கு ஒடித்துக் கொடு. துண்டு சின்னதாக இருந்தால் முஷ்டியில் பிடிக்க முடியாது, தானாகவே மூன்று விரலால் பிடிப்பான். பின்னால் பென்சில் பிடிக்க அதுதான் பழக்கம். பெரியவளுக்கு முழுப்படம் கொடுக்காதே. பாதியை விட்டுவிடு. ஓணான் மட்டும் வரைந்து கொடு, அது எங்கே இருக்கிறது என்று அவள் வரையட்டும்.

வெட்டுவதற்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் வாங்கு. கட்டை விரல் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும், கத்தரி பிடித்த கை அசையாமல் நிற்க, மற்றக் கைதான் தாளைத் திருப்ப வேண்டும். இதை ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் வட்டம்கூட அழகாக வெட்டுவாள். பசைக்கு ஒரு கரண்டி மைதாவை நாலைந்து கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கிண்டு. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், உன் வீட்டுப் பசையில் வேண்டவே வேண்டாம். மிஞ்சினால் இரண்டு நாளில் கொட்டிவிடு.

மாசியில் ஒரு வேன் பேசிப் பிள்ளைகளைக் கூந்தன்குளம் கூட்டிப்போனோம். நாங்குநேரிப் பக்கம், உனக்குத் தெரியும். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அதற்கு ரொம்பக் காலம் முன்னாலிருந்தே பறவைகளைப் பிள்ளைகள் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வீட்டு வாசல் மரத்திலேயே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டியிருக்கின்றன. எச்சம் மேலே விழுந்தால்கூட யாரும் முகம் சுளிப்பதில்லை. நாரையின் பின்பக்கத்து இளஞ்சிவப்பைப் பார்த்துவிட்டு ஒரு குட்டிப்பையன் "ஆச்சி, இது கலர் பெட்டியில இல்லையே" என்றான். திரும்பி வந்து சிவப்புக் கிரயானை லேசாகத் தேய்த்து, மேலே வெள்ளையை அழுத்தித் தேய்த்து, அந்த நிறத்தை அவனே கொண்டுவந்தான்.

அந்தக் கூழைக்கடாவை நாங்கள் பழைய தபால் கவரில் செய்தோம். உன் பேத்திக்கு இது கட்டாயம் பிடிக்கும். கவரின் ஒரு கீழ் மூலையைச் சாய்வாக வெட்டி எடு. அதுவே பை மாதிரித் திறக்கும், அதுதான் அலகுப்பை. தாளில் வரைந்த பறவைத் தலையில் அதை ஒட்டிவிட்டு, நோட்டுத்தாளில் குட்டிக் குட்டி மீன் வெட்டி உள்ளே போடச் சொல். எங்கள் தார்சாவில் ஒரு கூழைக்கடா முப்பது மீன் விழுங்கிவிட்டது.

அப்புறம், மடிக்கச் சதுரத்தாள் வேண்டும் என்று கடைக்குப் போகாதே. ஜெராக்ஸ் தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். ஒரு மூலையை எதிர் ஓரத்தோடு சேர்த்து மடித்தால் சதுரம் கிடைத்துவிடும், மிச்சம் 87 மில்லிமீட்டர் பட்டை. அந்தப் பட்டையை நாங்கள் வீணாக்குவதில்லை. முன்னும் பின்னுமாக மடித்தால் குரங்குக்கு வால். சதுரத்தைக் குறுக்கே முக்கோணமாக மடித்து, இரண்டு முனையைக் கீழே மடக்கினால் நாய்க் காது, கீழ் முனையைப் பின்னால் மடக்கினால் தாடை. கண்ணும் மூக்கும் வரைய வேண்டியதுதான் பாக்கி. மூன்று வயதுக்காரனும் இதைச் செய்துவிடுவான். தவளைக்குத் தாள் கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும். செய்தித்தாளில் செய்தால் குதிக்காது, கல்யாணப் பத்திரிகை மடிப்புக்கு வளைந்து கொடுக்காது. கடைகளில் தருகிற வழவழப்பு நோட்டீசுதான் சரி. ஆனால் கல்யாணப் பத்திரிகையைத் தூர எறியாதே, முகமூடிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. மஞ்சள் தடவிய மூலை புலி முகத்துக்குத் தோதாக அமைகிறது.

புலி என்றதும் நினைவுக்கு வருகிறது. பாபநாசத்துக்கு மேலே இருக்கிற களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமாயிற்று, தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. இத்தனை பக்கத்தில் இருந்தும் பிள்ளைகளுக்கு அங்கேயுள்ள சிங்கவால் குரங்கு தெரியவில்லை. நம் மாநில விலங்கு வரையாடு என்று பாடத்தில் ஒப்பிக்கிறார்கள், கொம்பு எந்தப் பக்கம் வளையும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். வரைந்து நிறம் தீட்டின பிறகு யாரும் முழிப்பதில்லை. பின்னால் வளையும், செண்பகம்.

நேற்றுப் பிள்ளைகள் காற்றாடி செய்தார்கள். குண்டூசி குத்த வேண்டியிருந்தது. எனக்குத் திசையன்விளையில் நம் இரண்டு பேரும் செம்மண்ணில் ஓடினது ஞாபகம் வந்துவிட்டது. பனையோலையில் இரண்டு கீற்றைக் கோத்து, நடுவில் உடைமுள் குத்தி, கையை நீட்டிக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓடுவோமே. உங்க ஆச்சி ஓலையில் கிளி முடைந்து தருவாள். அந்தக் கிளிக்குக் கோவைப்பழத்தைத் தேய்த்து நீதான் மூக்குக்குச் சிவப்பு வைப்பாய். அது மறுநாள் கறுத்துவிடும் என்று அழுவாய், மறுபடி பழம் பறிக்கப் போவாய். அந்தக் கிளியை உனக்கு இன்னும் முடையத் தெரியுமா? எனக்கு மூன்றாவது மடிப்புக்கு மேலே கை போகவில்லை. தெரிந்தால் காகிதப் பட்டையில் முடைந்து தபாலில் அனுப்பு. நான் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

மழைக்காலத்துக் கப்பல் பற்றி ஐப்பசியில் எழுதுகிறேன். இப்போது எங்கள் வாருகாலில் தண்ணீர் இல்லை.

இதோடு நாலு தாள் வைத்திருக்கிறேன். இரண்டு சின்னவனுக்கு: எருமை, ஆமை. கூழைக்கடாவும் கீரியும் பெரியவளுக்கு. உங்கள் தெருவுக்கு மயில் வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதனால் மயிலை நான் வரையவில்லை. அதை நீயும் அவளும் வாசலில் உட்கார்ந்து பார்த்து வரையுங்கள். கீரிக்கு வாலும் வரையவில்லை. அது எவ்வளவு நீளம் என்று அவள் சொல்லட்டும், பதில் கடிதத்தில் அந்தத் தாளை எனக்கு அனுப்பிவை.

உன்
பேச்சி